எந்தக் கப்பலில் வந்த டீசல் இது?

வலுசக்தி அமைச்சருக்கும், எரிபொருள் இறக்குமதி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். டீசல் பம்பும், டீசலை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரும் திருத்துவது என் தொழில். கிண்ணியாவில் மணல் ஏற்றும் டிப்பர், தம்பலகாமத்து வயலில் ஓடும் உழவு இயந்திரம், இரவில் கொழும்புக்குப் புறப்படும் வான், கொட்பேத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகு என்று எதுவானாலும் அதன் பம்ப் ஒரு நாள் என் மேசைக்கு வந்து சேரும். கொண்டு வருகிறவர் எவராக இருந்தாலும் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார்: "அண்ணன், எந்த செட்டில் அடிக்கிற டீசல் நல்லது?" (செட் என்று நாங்கள் சொல்வது எரிபொருள் நிரப்பு நிலையத்தை.) அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது: "ஷெல் என்று திரும்பவும் வந்திருக்கிறதே, அது லண்டன் கம்பனிதானே? அவர்களுடைய டீசலை எங்கே செய்கிறார்கள்?"

முதல் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன், மடல் நீளமாக இருப்பதால் செயலாளர் பாதியில் மூடிவிடக்கூடும். நாட்டின் ஒவ்வொரு எரிபொருள் நிரப்பு நிலையத்திலும் பம்புக்கு அருகே, வாடிக்கையாளர் கண்ணில் படும் உயரத்தில், ஒரு பலகை வேண்டும். இப்போது நிலத்தடித் தாங்கியில் இருக்கும் டீசலை இறக்குமதி செய்தவர் யார், அது எந்த நாட்டின் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிக்கப்பட்டது, எந்தக் கப்பலில் எந்தத் திகதியில் வந்து இறங்கியது, எந்தக் களஞ்சியத்திலிருந்து பவுசரில் (எண்ணெய் கொண்டு போகும் லொறியில்) ஏறியது, பிராண்டின் பெயரில் ஏதாவது சேர்மானம் கலக்கப்பட்டிருந்தால் அது எங்கே கலக்கப்பட்டது என்பவை அதில் எழுதப்பட வேண்டும். பவுசர் வரும்போதெல்லாம் மாற்றி எழுத வேண்டும். உங்கள் உரிம நிபந்தனைகளில் ஒரு பந்தி சேர்த்தால் முடிகிற வேலை இது.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

ஷெல்லின் சின்னமான அந்த மஞ்சள் சிப்பியையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தின் ரோயல் டச்சும் இங்கிலாந்தின் ஷெல் டிரான்ஸ்போர்ட் அன்ட் டிரேடிங்கும் 1907இல் இணைந்து உருவான குழுமம் அது. 2022இல் பெயரிலிருந்து ரோயல் டச்சைக் கழற்றிவிட்டுத் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றிக்கொண்டது. பங்குச் சந்தையில் விலைபோகிற கம்பனி ஆகையால் இவர்தான் முதலாளி என்று ஒரு முகத்தைக் காட்ட முடியாது. அதுவரைக்கும் என் வாடிக்கையாளர் சொல்வது சரிதான், லண்டன் கம்பனி. ஆனால் இலங்கையில் 2023 ஜூனில் அரசாங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது ஆர்.எம். பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி. ஷெல்லுடன் கூட்டுச் சேர்ந்து வருகிறோம் என்றது. 20 ஆண்டு உரிமம், அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இருந்த 150 செட்டுகள், அதற்கு மேல் புதிதாக 50 திறக்க அனுமதி. ஆக, பலகையில் இருக்கும் பெயர் லண்டனுடையது, உரிமம் அமெரிக்கருடையது, செட்டை நடத்துகிறவர் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர். இந்த மூன்று பேரில் எவருமே டீசல் வடித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதில் மோசடி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. உலகெங்கும் இப்போது இதுதான் நடைமுறை. ஷெல் தன் ஆஸ்திரேலிய வியாபாரத்தை 2014இல் விற்றது. வாங்கியவர்கள் விவா எனேர்ஜி என்று பெயர் வைத்துக்கொண்டு அதே சிப்பியின் கீழ் எண்ணெய் விற்றார்கள். பாகிஸ்தானில் 2024இல் தன் பெரும்பான்மைப் பங்கை, அதாவது 77 சதவீதத்துக்கும் அதிகமானதை, வாஃபி எனேர்ஜி என்ற சவூதிக் கம்பனியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அங்கேயும் சிப்பி இறங்கவில்லை. தொழிற்சாலையை விற்றாலும் பெயரை வாடகைக்கு விடலாம் என்பதைப் பெரிய கம்பனிகள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன.

சுத்திகரிப்பு நிலையங்களின் கதை இன்னும் சுவையானது. நமக்கு மிக அருகில் ஷெல்லுக்கு இருந்த பெரிய சுத்திகரிப்பு நிலையம் சிங்கப்பூரின் புலாவ் புக்கோம் தீவில் இருந்தது. 1961இல் தொடங்கியது, சிங்கப்பூரின் முதலாவது சுத்திகரிப்பு நிலையமே அதுதான். அறுபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்ததை இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் சுவிற்சர்லாந்தின் கிளென்கோரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு விற்பதாக 2024 மே மாதம் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அது கைமாறியது. நாளைக்கே அந்தத் தீவில் வடித்த டீசல் கொழும்புக்கு வந்து, சிப்பிப் பலகையின் கீழ் விற்கப்பட்டால், அது ஷெல் டீசலா, இந்தோனேசிய டீசலா? அதே டீசல் கூட்டுத்தாபனத்தின் செட்டுக்கு வந்தால் அது என்ன டீசல்? ரொட்டர்டாமுக்குப் பக்கத்தில் பெர்னிஸ் என்ற இடத்தில் ஷெல்லுக்குச் சொந்தமான மாபெரும் சுத்திகரிப்பு நிலையம் இன்றும் ஓடுகிறது, உண்மை. ஆனால் ஐரோப்பாவே தனக்கு வேண்டிய டீசலில் ஒரு பங்கை மத்திய கிழக்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வாங்குகிற காலம் இது. பெர்னிஸில் வடித்தது ஏகாம்பரம் வீதிக்கு வந்து சேரும் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

டீசல் என்பது கப்பல் கணக்கில் சந்தையில் கைமாறும் சரக்கு. ஒரு வியாபாரி வாங்குவார், கடலில் போகும்போதே இன்னொருவருக்கு விற்பார். நம் நாட்டின் விலைச் சூத்திரம் சிங்கப்பூர்ச் சந்தை விலையை வைத்துக் கணக்கிடுகிறது என்பதால் பலர் நமக்கு வருவது சிங்கப்பூர் டீசல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விலை சிங்கப்பூரில் நிர்ணயமாகலாம். எண்ணெய் வளைகுடாவில் ஏறியிருக்கலாம், குஜராத்தில் ஏறியிருக்கலாம், மலாக்கா நீரிணையில் எங்கேயாவது ஏறியிருக்கலாம்.

மற்றப் பலகைகளையும் விட்டுவிடக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு கம்பனியோடு எனக்கு ஏதோ கோபம் என்று ஆகிவிடும். லங்கா ஐ.ஓ.சி. 2003இலிருந்து இங்கே இருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிதான், ஆனால் அதன் பங்குகளில் முக்கால் பங்கு இந்தியன் ஒயில் கையில், இந்தியன் ஒயிலில் பாதிக்கு மேல் இந்திய அரசாங்கத்தின் கையில். சினொபெக் 2023 மே மாதம் ஒப்பந்தம் செய்து, ஓகஸ்டில் விற்பனையைத் தொடங்கியது. அதன் உச்சியில் இருப்பது சீன அரசு. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நம் அரசாங்கத்துடையது. சட்டத்தைத் திருத்தி, தனியாரைக் கொண்டுவந்து போட்டியை உண்டாக்குகிறோம் என்று 2022 ஒக்டோபரில் சொன்னார்கள். இன்று வீதியில் நிற்கும் நான்கு பலகைகளில் மூன்றின் பின்னால் அரசாங்கங்கள். எனக்கு அது பற்றி ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த அரசாங்கத்தின் கல்லாவில் என் காசு விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க விரும்புகிறேன்.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் மூன்றும்தான் அன்றைய இலங்கையின் எண்ணெய். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டுத்தாபனம் பிறந்தது. மறு ஆண்டு கம்பனிகளின் சொத்துகள் கையேற்கப்பட்டன. 1964 தொடக்கத்தில் விநியோகம் முழுவதும் அரசிடம் வந்தது. நட்டஈடு விடயத்தில் கோபித்துக்கொண்டு அமெரிக்கா 1963இல் உதவியையே நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தையில் நாமே வடிக்கத் தொடங்கினோம். அந்த முடிவுகள் சரியா பிழையா என்று தேநீர்க் கடையில் இன்றும் சண்டை போடலாம், ஆனால் யாருடைய எண்ணெய், யார் வடித்தது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. பிறகு தொண்ணூறுகளில் ஷெல் சமையல் எரிவாயுவோடு திரும்பி வந்தது. 2010இல் அரசாங்கம் அதை வாங்கி லிற்றோ என்று பெயர் மாற்றியது. என் அம்மா இன்றைக்கும் லிற்றோ சிலிண்டரைக் காட்டி "ஷெல் காஸ் முடிந்துவிட்டது" என்றுதான் சொல்கிறார். பெயருக்கு இருக்கிற ஆயுள் உரிமைக்கு இல்லை.

இப்போது என் மேசைக்கு வாருங்கள்.

அண்மையில் ஒருவர் கொமன் ரெயில் இயந்திரம் (உயர் அழுத்தக் குழாய் ஒன்றிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் புதிய வகை) பூட்டிய வான் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறவர். பில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெள்ளை பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றினேன். மேலே டீசல், அடியில் விரல் அகலத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் சளி போன்ற ஒரு படலம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்தால் அப்படி இருக்கும். இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிப் பார்த்தால் ஊசிகளில் துரு. இன்ஜெக்டரின் நுனியான நொசிலின் துளை தலைமயிர் அளவுதான் இருக்கும். ரெயிலில் அழுத்தம் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பார் வரைக்கும் போகும். அந்த இடத்தில் ஒரு பொட்டுத் துரு போதும். பழைய பம்ப் இயந்திரங்கள் எதையும் குடித்துச் சமாளிக்கும், புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். புதியவை அப்படி அல்ல. திருத்துக் கூலியைச் சொன்னதும் அந்த மனிதர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். செட்டின் பெயர், லீற்றர், விலை, தொகை, நேரம். அவ்வளவுதான். எந்த செட் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது அநியாயமாகிவிடும், ஏனென்றால் தண்ணீர் எங்கே சேர்ந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கப்பலிலேயே வந்திருக்கலாம். களஞ்சியத் தாங்கியின் அடியைச் சரியாக வடிக்காமல் விட்டிருக்கலாம். பவுசரின் மூடி வழியாக மழை போயிருக்கலாம். மார்கழி மழையில் செட்டின் நிலத்தடித் தாங்கிக்குள் இறங்கியிருக்கலாம். இந்த உப்புக்காற்று ஊரில் வானின் தாங்கிக்குள்ளேயே வியர்த்திருக்கலாம். ஐந்து பேரில் எவரைக் கேட்டாலும் மற்ற நால்வரைக் கை காட்டுவார்கள். பலகையில் கப்பலின் பெயரும் களஞ்சியத்தின் பெயரும் இருந்தால், அதே கப்பலின் டீசலை அடித்த வேறு வண்டிகளுக்கு என்ன நடந்தது என்று இரண்டு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடுவேன். மூதூரிலும் வவுனியாவிலும் என்னைப் போல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் அதே வாரம் துருப்பிடித்த ஊசிகள் வந்திருந்தால் குற்றவாளி செட் முதலாளி அல்ல என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால் செட்டைப் பார்க்கலாம். இப்போது நடப்பது என்னவென்றால், சந்தேகம் முழுவதும் கடைசிக் கையில், அதாவது பம்ப் பிடிக்கும் பையனின் தலையில் விழுகிறது.

செட் முதலாளிகளிலும் கவனமானவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் காலையில் முதல் வேலையாக அளவுகோலின் நுனியில் பசை தடவித் தாங்கிக்குள் இறக்குவார். பழுப்பு மஞ்சளாக இருக்கும் அந்தப் பசை தண்ணீர் பட்ட உயரம் வரைக்கும் சிவந்துவிடும். நுனியில் ஒரு நகக்கண் அளவு சிவப்பு தெரிந்தாலும் பம்பை நிறுத்திவிட்டு அடியை உறிஞ்சி எடுப்பார். ஆனால் அந்தப் பசை தண்ணீரை மட்டுமே காட்டும். கந்தகம் எவ்வளவு, சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு எளிதாகத் தீப்பற்றும் என்ற அளவு) எவ்வளவு, பாகங்களைத் தேயாமல் காக்கும் மசகுத் தன்மை போதுமா என்பதை எந்தப் பசையும் காட்டாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், அல்லது ஆய்வுகூடத்தின் தாளைப் பார்க்கும் உரிமை வேண்டும்.

கந்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் பிராண்ட் விடயம் விளங்கும். யூரோ 4 தரத்து டீசலில் ஒரு கிலோவுக்குக் கந்தகம் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. யூரோ 5இல் 10. கந்தகத்தை நீக்குவதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஐதரசன் கொண்டு டீசலைக் கழுவும்போது, இயற்கையாக அதில் இருந்த மசகுத் தன்மையும் சேர்ந்து போய்விடுகிறது. பம்பின் உலோகப் பாகங்கள் டீசலாலேயே மசகிடப்படுபவை. வேறு எண்ணெய் அதற்குள் கிடையாது. ஆகவே போன மசகைச் சேர்மானமாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல், ஊசியில் கரி படியாமல் இருக்க, நுரை அடங்க, துருவைத் தடுக்க என்று பிராண்டுகள் தங்கள் சொந்தச் சேர்மானங்களைக் கலக்கின்றன. பல நாடுகளில் ஒரே களஞ்சியத்திலிருந்து வெவ்வேறு பிராண்டுகளின் பவுசர்கள் ஒரே அடிப்படை டீசலை நிரப்பிக்கொண்டு போகும். ஏற்றும் இடத்தில் செலுத்தப்படும் அந்தச் சொற்ப மருந்துதான் பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மருந்து வீண் என்று நான் சொல்லமாட்டேன். சுத்தமாக வைத்திருக்கும் நொசில்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஷெல் டீசல் எங்கே செய்யப்படுகிறது என்று கேட்கிறவருக்கு நேர்மையான பதில் இதுதான்: டீசல் ஒரு இடத்தில், மருந்து இன்னொரு இடத்தில், பலகை மூன்றாவது இடத்தில். இலங்கையில் மருந்து எங்கே, எந்த அளவில் கலக்கப்படுகிறது என்று ஆர்.எம். பார்க்ஸும் சினொபெக்கும் ஐ.ஓ.சி.யும் சொல்லட்டும். சப்புகஸ்கந்தையில் வடித்தது எது, கப்பலில் வந்தது எது என்று கூட்டுத்தாபனமும் சொல்லட்டும்.

களஞ்சியத்தைப் பற்றி ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், கொலன்னாவையும் முத்துராஜவெலயும் இலங்கை பெற்றோலியக் களஞ்சிய முனைய நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்கு கூட்டுத்தாபனத்துக்கு, ஒரு பங்கு லங்கா ஐ.ஓ.சி.க்கு. போட்டிக்காரர்கள் இருவர் ஒரே களஞ்சியத்தின் முதலாளிகள். மற்றவர்களும் அதே தாங்கிகளை வாடகைக்கு எடுக்கும்போது யாருடைய எண்ணெய் யாருடைய எண்ணெயோடு கலக்கிறது என்பது சாதாரணமான சந்தேகம். கலந்தால் குற்றம் இல்லை. "கலப்பு" என்று பலகையில் எழுதுங்கள், போதும்.

திருகோணமலைக்காரன் இதைக் கேட்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சீனக்குடாக் காட்டுக்குள் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானம் விழுந்து எரிந்த குதத்தை வெளியூர்க்காரருக்குக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். 1987இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தக் குதங்கள் இடம்பெற்றன. 2022 ஜனவரியில் மறுபடி ஒப்பந்தம்: 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், 50 ஆண்டுக் குத்தகை. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து இந்த ஊரை வலுசக்தி மையமாக்குவதாக ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் குதத்தின் படம் வரும், நாங்கள் வெட்டி வைப்போம். மேட்டுப் பகுதியிலுள்ள குதங்கள் பலவற்றில் மரம் வளர்ந்து குரங்கு குடும்பம் நடத்துகிறது என்பது படத்தில் தெரியாது. மூன்று நாடுகள் சேர்ந்து எங்கள் ஊரை எண்ணெய் ஊராக்கும் என்றால் மகிழ்ச்சி, வேலை கிடைக்கும். அந்த ஊரில் குடியிருப்பவன் தன் வண்டியில் ஊற்றும் எண்ணெயின் ஊரைக் கேட்டால் மட்டும் ஏன் அது இரகசியமாக வேண்டும்?

இது முடியாத காரியம் என்று நீங்கள் சொல்ல முடியாது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். கப்பல் எந்தத் திகதியில் வருகிறது, எத்தனை ஆயிரம் தொன் டீசல், எங்கிருந்து, பணம் கட்டியாயிற்றா என்றெல்லாம் அன்று அமைச்சே அன்றாடம் அறிவித்தது. மே மாதம் ரஷ்ய மசகு எண்ணெய் (இன்னும் வடிக்காத கச்சா எண்ணெய்) வந்து சப்புகஸ்கந்தை மறுபடி எரியத் தொடங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று கூட்டுத்தாபனம் கதவை அடைத்தபோது, ஐ.ஓ.சி. செட்டுகளில் வரிசை ஊர் எல்லை வரைக்கும் நீண்டது. சீனக்குடா முனையத்திலிருந்து பவுசர் புறப்பட்டுவிட்டதா என்று வாயிலில் ஆள் வைத்துக் கேட்டோம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளக்காரர்கள் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு எந்தக் கப்பலில் மலிவாக வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் இல்லாத காலத்தில் கப்பலின் பெயரைச் சொல்ல உங்களால் முடிந்தது. தாங்கி நிறைந்த பிறகு அது வர்த்தக இரகசியமாக மாறிய காரணம் எனக்கு விளங்கவில்லை.

தாள்கள் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஏற்றுமதித் துறைமுகத்தில் எடுத்த மாதிரியின் தரச் சான்றிதழ், கப்பல் சரக்குப் பத்திரம், பிறப்பிடச் சான்றிதழ் இவை இல்லாமல் ஒரு லீற்றரும் சுங்கத்தைத் தாண்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2025 ஜூலையில் அது ஏற்றுக்கொண்ட 18ஆவது தடைத் தொகுதியின்படி, ரஷ்ய மசகு எண்ணெயிலிருந்து வேறு நாட்டில் வடிக்கப்பட்ட டீசலையும் 2026 ஜனவரி முதல் உள்ளே விடாது. வடித்த ஊர் மட்டும் போதாது, மசகு எண்ணெய் தோண்டிய ஊரையும் காட்டு என்கிறது. அவர்களுக்கு விற்கும்போது காட்டக்கூடிய தாளை எங்களுக்கு விற்கும்போதும் காட்டலாம். நான் மசகு எண்ணெயின் கிணற்றைக் கேட்கவில்லை. வடித்த இடத்தையும் கப்பலையும் மட்டுமே கேட்கிறேன்.

டின் மீன் வாங்கினால் தகரத்தில் செய்த நாடு இருக்கிறது, இறக்குமதி செய்தவரின் முகவரி இருக்கிறது, தொகுதி இலக்கம் இருக்கிறது. இல்லாவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபை கடைக்காரருக்கு வழக்குப் போடுகிறது. மீனுக்கு உள்ள மரியாதையை டீசலுக்கும் கொடுங்கள்.

உங்களிடமிருந்து வரக்கூடிய மறுப்புகளை நான் யோசிக்காமல் இல்லை. செட்டின் தாங்கியில் பழைய கப்பல் எண்ணெய் மீதி இருக்கும்போது புதியது வந்து கலந்துவிடுமே என்பீர்கள். உண்மை, கடைசி இரண்டு கப்பல்களின் பெயரையும் எழுதுங்கள். வழங்குநர் யார் என்று தெரிந்தால் போட்டிக்காரர் விலையை ஊகித்துவிடுவார் என்று கம்பனிகள் சொல்லும். நான் விலையைக் கேட்கவே இல்லை. தவிரவும் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது என்பதைக் கடல் வியாபாரத்தில் இருக்கிற எல்லோரும் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் நாங்கள் மட்டுமே. மக்கள் இதையெல்லாம் வாசிக்கமாட்டார்கள் என்று ஓர் அதிகாரி சிரிக்கக்கூடும். எல்லோரும் வாசிக்கத் தேவையில்லை, ஐயா. ஒரு ஊருக்கு ஒரு மெக்கானிக், ஒரு பஸ் சங்கச் செயலாளர், ஒரு மீனவர் சங்கத் தலைவர் வாசித்தால் போதும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாமே என்று யோசனை சொன்ன நண்பர் ஒருவர் இருக்கிறார். விண்ணப்பிக்கலாம். பதில் வருவதற்குள் அந்த டீசல் எரிந்து, அந்தப் புகையும் கலைந்துவிடும். எரியும்போது தெரிய வேண்டிய தகவல் இது.

இறுதியாக நடைமுறை விடயங்கள் சில. பலகை மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். தமிழில் எழுதும்போது தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். எங்கள் மாவட்டத்தின் அறிவித்தல் பலகைகளில் நாங்கள் பட்ட பாடு போதும். அச்சடித்த பிளாஸ்டிக் பலகை வேண்டாம், மாற்றமாட்டார்கள். சோக்கால் எழுதும் கறுப்புப் பலகையே நல்லது. பற்றுச்சீட்டிலும் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள், கப்பலின் பெயரும் இறங்கிய திகதியும் மட்டும். நாடு முழுவதற்கும் ஒரே நாளில் முடியாது என்றால் சோதனையாகத் திருகோணமலை மாவட்டத்தில் தொடங்குங்கள். குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் உள்ள செட்டுகளில் நான்கு நிறுவனங்களில் எவருடைய பலகை தொங்கினாலும் அவர் முதலில் எழுதட்டும். எழுதுகிறவரிடம்தான் என் வாடிக்கையாளர்களை அனுப்புவேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். "எந்த செட் டீசல் நல்லது" என்ற கேள்விக்கு அதன் பிறகாவது என்னிடம் ஓர் ஒழுங்கான பதில் இருக்கும்.

உங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை